மாமியாருக்கு ஒரு பெஞ்சு, மகனுக்கு ஒரு கடல்

இங்கிலாந்தில் குடித்தனம் என்றால் வாரம் ஒரு கடற்கரை, மாதம் ஒரு மலை என்று ஊரில் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். பர்மிங்ஹாமில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக் குப்பைத் தொட்டிதான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமானால் பெட்டி கட்ட வேண்டும், பணம் கட்ட வேண்டும், அதற்கும் முன்னால் எந்த ஊர் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துப் போக வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்!

மதுரையிலிருந்து என் மாமியார் ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். முழங்கால் வலி. பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு மூன்று. ஜூலைக் கடைசியில் தொடங்கும் ஆறு வாரப் பள்ளி விடுமுறையில் வாடகை மளமளவென்று ஏறிவிடும். விலை குறைவு என்று பள்ளி நாட்களில் குழந்தையைக் கூட்டிக் கொண்டு போனாலோ அபராதம் கட்ட நேரிடும். ஆகவே மே மாத இறுதியில் வரும் ஒரு வார விடுமுறைக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

என் கணவருக்கு கார்ன்வால் மீது ஆசை. "நீலக் கடல், மஞ்சள் மணல், நம்ம ஊர் மாதிரி இருக்கும்" என்றார். காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். பெண்ணுக்கு அரை மணியில் வாந்தி வரும். பையன், கேப்டன் குக் கப்பல் தொழில் கற்ற விட்பி என்றான். அங்கே குன்றின் மேலிருக்கும் பழைய மாதா கோயிலுக்கு 199 படிகள். நானோ ஏரி மாவட்டத்தில் விண்டர்மியர் என்றேன். இங்கிலாந்திலேயே பெரிய ஏரி, பத்து மைலுக்கு மேல் நீளம். "மழைக்குப் பேர் போன இடமாச்சே, குழந்தைகளை வச்சுக்கிட்டு அறைக்குள்ளேயே உட்காரவா?" என்றார் இவர்.

மூன்று நாள் இந்த விவாதம் நடந்தது. நாலாம் நாள் வெண்டைக்காய் நறுக்கிக் கொண்டிருந்த என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, அங்கே உட்கார பெஞ்சு இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவரை எந்த ஊருக்கு இழுத்துக் கொண்டு போவது என்று பேசினோமே தவிர, போன இடத்தில் அவர் என்ன செய்வார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அன்று இரவே நோட்டை எடுத்து எழுதினேன்: ரயில் போக வேண்டும், படி இருக்கக் கூடாது, தண்ணீர் ஓரத்தில் பெஞ்சு வேண்டும், சமையலறை வேண்டும்.

அப்படிக் கிடைத்ததுதான் ஆர்ன்சைடு. இங்கிலாந்தின் வடமேற்கில் மோர்கம் விரிகுடாவில் கென்ட் நதி கலக்கும் இடத்தில் உள்ள சிற்றூர். லங்காஸ்டரில் ரயில் மாற வேண்டும், அவ்வளவுதான். குடும்ப ரயில் அட்டை வாங்கினால் பெரியவர்களுக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கும் குழந்தைகளுக்கு 60 சதவிகிதமும் தள்ளுபடி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம்.

ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தேனோ இல்லையோ, கூரையிலிருந்த புகை மணி வீடே அதிரும்படி அலறியது! மறுநாள் முதல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தாளிப்பு.

தண்ணீர் ஓரத்துப் பாதை சமமாக இருந்தது, பெஞ்சும் இருந்தது. எதிரே நதியின் குறுக்கே 1857-ல் ரயில் விட்ட நீண்ட பாலம். காலையில் போய் உட்கார்ந்தால் ரயில்களை எண்ணிக் கொண்டிருப்பார் மாமியார். கடல் உள்வாங்கினால் மைல் கணக்கில் வெறும் மணல்தான். ஆனால் அந்த மணலை நம்பக் கூடாது. புதைமணல் உண்டு. திரும்பி வரும் கடலின் வேகமோ மனிதர் நடையை மிஞ்சும். 2004 பிப்ரவரியில் இதே விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கடல் ஏறும் நேர அட்டவணையைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, உச்ச நேரம் 11.20 என்றிருந்தது. 11.30 ஆகியும் தண்ணீரைக் காணோம். 'இன்றைக்கு இவ்வளவு தூரம் வராது போலிருக்கு' என்று அசட்டுத்தனமாக நினைத்து, மணல் வீடு கட்டப் பையனைக் கீழே இறங்க விட்டேன்.

சிறிது நேரத்தில் எங்கிருந்தோ நீளமாக ஒரு ஊளைச் சத்தம். எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று நான் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். முழங்காலைப் பிடித்துக் கொண்டே எழும் என் மாமியார் அன்று விருட்டென்று எழுந்து நின்றார். "டேய், சங்கு ஊதிட்டான்டா! வாடா மேலே!" என்று போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்களே நின்றுவிட்டார்கள். பையன் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

பாலத்தின் பக்கமாக ஆற்றை எதிர்த்துக் கொண்டு ஓர் அலை வெள்ளைக் கோடு போட்டது போல ஏறிப் போயிற்று. பின்னாலேயே சத்தமில்லாமல் தண்ணீர். மணல் வீடு இருந்த இடமும் தெரியவில்லை, வாளியும் தெரியவில்லை. எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

பிறகுதான் என் தப்பு புரிந்தது. அட்டவணையில் கிரீன்விச் நேரம் போட்டிருந்தது. கோடையில் இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். அந்த ஒரு மணியை நான் கூட்டவில்லை. பெரிய ஏற்ற நாட்களில் கடல் வருமுன் அங்கே சங்கு ஊதுவார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆங்கிலம் தெரியாத மாமியாருக்கு எப்படித் தெரிந்ததாம்?

"உங்க மாமா முப்பது வருஷம் மில்லுக்குப் போனாரு. சங்கு ஊதினா தூக்குச்சட்டியை எடுத்துக் கையிலே குடுக்கணும். எந்த ஊரா இருந்தா என்ன? சங்கு சும்மா ஊத மாட்டாங்கம்மா" என்றார். என்னை ஒரு வார்த்தை கடிந்து கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். வீடு பிடிக்குமுன் எத்தனை படி என்று கேளுங்கள். அடுப்பு எந்த வகை என்றும் கேளுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் நம் அலுமினியக் குக்கர் சூடேறாது. உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரைகளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். ஆபத்தென்றால் 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று சொல்லுங்கள். கடல் அட்டவணையில் எந்த நேரம் போட்டிருக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் "உங்களுக்கு அங்கே என்ன வேணும்?" என்று கேட்டுவிடுங்கள். என் மாமியார் கேட்டது ஒரு பெஞ்சுதான். அதில் அவர் உட்கார்ந்திருந்ததால்தான் என் பிள்ளை எனக்கு மிஞ்சினான்.