அப்பாவின் இரும்புச் சைக்கிள்

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் என் தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கினான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு காலம் தங்கியிருந்து ஆய்வொன்றைச் செய்வது அவனது நோக்கம். அவனுடைய பயணப்பொதிகளுள் ஒன்று பெரியதோர் அட்டைப்பெட்டி.

"உதுக்குள்ள என்னடா?" என்று கேட்டேன்.

"சைக்கிள், மாமா."

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். யாழ்ப்பாணத்துக்கு ஒருவன் சைக்கிள் கொண்டு வருவதா என்று சிரித்துவிட்டேன். ஆனால் பெட்டியைப் பிரித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. விமானப் பயணத்தில் எங்கோ பலமாக அடிபட்டு, சட்டகத்தின் கீழ்க்குழாய் ஒரு கைவிரல் நீளத்துக்கு நெளிந்து உள்ளே போயிருந்தது. பையனின் முகம் வாடிவிட்டது.

அது நாம் இங்கே ஓடிப் பழகிய சைக்கிள் அன்று. அதில் பிறீவீல் கிடையாது. பின்சில்லும் பெடலும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. சில்லு உருளும்வரை கால்களும் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வேகத்தைக் குறைப்பதற்கும் கால்களாலேயே எதிர்விசை கொடுக்கவேண்டும். ஓட்டப்பந்தயத் தடங்களில் வழங்கிவந்த இந்த முறை, பின்னர் பெருநகரங்களில் கடிதம் காவும் இளைஞர்களிடையே பரவி, இப்போது வேலைக்குப் போவோரிடமும் வந்துள்ளது. கீரிமலை என்று பெயரளவில் மட்டும் மலையுள்ள எங்கள் குடாநாட்டுக்கு அது பொருந்தாத வண்டி என்று சொல்லிவிட முடியாது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத நிலத்தில் கியர் எதற்கு?

மறுநாள் நெளிந்த சட்டகத்தை எடுத்துக்கொண்டு இணுவிலில் எங்கள் வீட்டுக்கு அருகேயுள்ள சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணைக்கு எழுபது வயதுக்கு மேல். குழாயை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இரும்பெண்டால் நான் நிமித்தித் தருவன். இது அலுமினியம். நிமித்தினால் வெடிக்கும். ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில பிறகு விட்டுப்போம்."

அண்ணை பள்ளிக்கூடத்தில் உலோகவியல் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னது சரியே. சைக்கிள் சட்டகங்களுக்குப் பயன்படும் அலுமினியக் கலப்புலோகங்கள் பல, வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டே வலிமை பெறுகின்றன. ஒட்டும்போது எழும் சூடு அந்தப் பதத்தைக் குலைத்துவிடும். மறுபடியும் முழுச் சட்டகத்தையும் சூளையில் இட்டுப் பதப்படுத்தினால் அன்றி வலிமை திரும்பாது. அதற்குரிய வசதி எங்கள் ஊர் ஒட்டுவேலைக் கடை எதிலும் இல்லை. இன்னொன்றும் உண்டு. இரும்பின், அதாவது உருக்கின், மீதான சுமை ஓர் எல்லைக்குள் இருக்குமானால், எத்தனை இலட்சம் தடவை குலுங்கினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை இல்லை. சிறு குலுக்கல்களும் சேர்ந்துகொண்டே போகும். அலுமினியச் சட்டகங்களின் குழாய்கள் பருத்தவையாகச் செய்யப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக அலுமினியத்தைப் பழித்துவிடவும் கூடாது. அதன் எடை உருக்கின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. எங்கள் பழைய சைக்கிள்களோ இருபது கிலோவை நெருங்குபவை. மூன்று பக்கமும் உப்புக்காற்று வீசும் நிலத்தில் அலுமினியம் துருப்பிடியாது என்பதும் சிறிய நன்மை அன்று.

"அப்ப வேற இரும்புச் சட்டகம் ஒண்டு எடுப்பம், மாமா" என்றான் மருமகன். சற்று நேரம் கழித்து, "அம்மப்பான்ர சைக்கிள் இருக்கெண்டு அம்மா சொன்னா" என்றான்.

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை.

அப்பாவின் றலி சைக்கிள் எங்கள் களஞ்சிய அறையில் சாக்கினால் மூடப்பட்டிருந்தது. நொட்டிங்காமில் செய்யப்பட்ட, கம்பிப் பிறேக்கும் முழுச் செயின் கவரும் கொண்ட கறுப்பு வண்டி. 1990இல் மீண்டும் போர் மூண்டு, பொருளாதாரத் தடை வந்தபோது, பெற்றோல் இல்லாத குடாநாட்டைச் சுமந்தவை இத்தகைய சைக்கிள்களே. விறகும் நெல்லும் நோயாளியும் அவற்றில்தான் போயினர். மின்சாரமும் பற்றரியும் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் அச்செய்திகளைக் குறித்துக்கொள்ள, அப்பா சுற்றிக்கொண்டிருப்பார்.

1993இல் தங்கையை அந்தச் சைக்கிளின் கரியரில் ஏற்றிக்கொண்டு கிளாலிக்குப் போனவரும் அப்பாதான். இரவில் படகேறி, வன்னி ஊடாகக் கொழும்பு போய், அவள் கனடா சென்றுவிட்டாள். அப்பா 2001இல் காலமானார். ஏ9 வீதி திறந்தது 2002 சித்திரையில். அவள் அவரை மறுபடி காணவேயில்லை.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து ஊரே சைக்கிளுக்குத் திரும்பியபோதும், நான் அதைத் தொடவில்லை. ஏறியிருந்த விலையைக் கொடுத்துப் புதியதொன்றை வாங்கினேன். ஆகவே மருமகன் கேட்டபோது, அது துருப்பிடித்துவிட்டது, பாரம் கூடியது, உன் உயரத்துக்குப் பொருந்தாது என்று காரணங்களை அடுக்கினேன். அவை காரணங்கள் அல்ல என்பது எனக்கே தெரிந்திருந்தது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சைக்கிள் ஓடத்தானே செய்தது. குடன் அவனுக்கு."

கடைக்கார அண்ணை சட்டகத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். மண்ணிறத் துகள்கள் கொட்டின. குழாய்களுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்து, மேல்துரு மட்டுமே, உள்ளே எண்ணெய் ஊற்றிவிடுவோம் என்றார். பிறகு வேலை நடந்தது. மருமகனின் பின்சில்லை அப்படியே எடுத்துக்கொண்டோம். பிறீவீல் இருந்த இடத்தில் வெறுமனே ஒரு பற்சில்லைத் திருகிவிட்டால், காலால் எதிர்விசை கொடுக்கும்போது அது கழன்றுவிடும். எதிர்ப்புரியில் திருகும் பூட்டு வளையம் வேண்டும். அது அவனது சில்லில் இருந்தது. ஆனால் றலியின் பின்கவைகளுக்கு இடையே சில மில்லிமீற்றர் அகலம் போதவில்லை. அண்ணை ஒரு மரக்கட்டையை வைத்து மெல்ல மெல்ல விரித்தார். இரும்பு இசைந்து கொடுத்தது. அலுமினியத்தில் இதைச் செய்ய எவரும் துணியார். பழைய சைக்கிளின் அச்சுத் துளை பின்னோக்கித் திறந்த நீள்பள்ளமாதலால் செயினை இழுத்து இறுக்குவதிலும் சிரமமில்லை. முன்சில்லும் அதன் கம்பிப் பிறேக்கும் அப்படியே இருந்தன. காலை மட்டும் நம்பிப் பலாலி வீதியில் இறங்க நான் விடவில்லை.

அண்ணை ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "தம்பி, சாரத்தோட இதில ஏறாதையும். செயினில மாட்டினால் கால் நிக்காது." செயின் கவரும் கழற்றப்படாமல் தப்பியது.

பழைய வண்ணத்தை மருமகனே உரசி எடுத்தான். இருக்கைக்குக் கீழே குழாய்கள் கூடுமிடத்தில் கறுப்பு நீங்கியதும், மஞ்சளாய் ஒரு தழும்பு தெரிந்தது. அன்று மாலை கைபேசியில் தாய்க்குச் சைக்கிளைக் காட்டினான். தங்கை நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணா, அது என்ன மஞ்சளாய்? அது முந்தி இல்லையே" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்த இரவில், அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, பாரில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, அப்பா உருட்ட, நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் சென்றது. மழை. கைதடிக்கு அப்பால் சட்டகம் மூட்டில் வெடித்தது. எஞ்சிய தூரம் அம்மம்மாவை நாங்கள் மாறி மாறிச் சுமந்தோம். சாவகச்சேரியில் ஒருவர் பித்தளையை உருக்கி ஒட்டித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மம்மா அந்த மார்கழியைக் காணவில்லை. தங்கைக்கு எழுதிய கடிதத்தில், முதுமையினால் காலமானார் என்று மட்டும் எழுதும்படி அப்பா சொன்னார். அப்படியே எழுதினேன். செய்தி எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான், என் வீட்டுச் செய்தியை முப்பது ஆண்டுகள் சுருக்கியே வைத்திருந்தேன்.

அன்று அதை முழுவதும் சொன்னேன். மருமகன் அந்த இடத்துக்கு மட்டும் வண்ணம் பூசவில்லை.

இப்போது அவன் நாள்தோறும் திருநெல்வேலிக்கு அதிலேயே போய்வருகின்றான். வாரத்துக்கொரு தடவை எண்ணெய்த் துணியால் துடைக்கின்றான். நெளிந்த அலுமினியச் சட்டகம் களஞ்சிய அறையில், சாக்குக்குக் கீழே இருக்கின்றது. உருக்கா அலுமினியமா என்று என்னைக் கேட்போருக்குச் சொல்வது இதுதான்: எடையைப் பார்ப்பதற்கு முன், உடைந்தால் ஒட்டித்தர உங்கள் ஊரில் ஆள் இருக்கின்றாரா என்று பாருங்கள்.