பனங்கிழங்கும் சர்க்கரையும்



கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்குக் கட்டு இந்த மூன்றும் இல்லாமல் எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பொங்கல் கிடையாது. கூடவே, "சார், எனக்கு சுகர் இருக்கு, பனங்கிழங்கு சாப்பிடலாமா?" என்று நாலைந்து பேராவது போனில் கேட்டுவிடுவீர்கள். 14 வருடமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சாப்பிடலாம். ஆனால் கணக்கோடு.

பனங்கொட்டையை மணல் பாத்தியில் புதைத்தால் முளை கீழ்நோக்கி இறங்கி, மூன்று நான்கு மாதத்தில் கிழங்காகத் திரளும். கொட்டைக்குள் இருந்த சத்து அதில் மாவாகச் சேர்ந்திருக்கும். அந்த மாவு செரித்தால் சர்க்கரைதான், அரிசியைப் போலவே. கிழங்கில் நார் அதிகம், மென்று தின்னவும் நேரமாகும். அதனால் சர்க்கரை சற்று நிதானமாக ஏறும். ஏறவே ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த நடுத்தரக் கிழங்கு இரண்டு. அன்று காலை இட்லியில் இரண்டைக் குறைத்துவிடுவேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பேன். 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. எனக்கு 160 பக்கம் நிற்கும். உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்கோடு கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்தால் கணக்கு மாறிவிடும். நிறம் கறுப்பானாலும் கருப்பட்டியும் சர்க்கரைதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கிழங்கையும் தொட வேண்டாம்.

இவ்வளவும் எழுதக் காரணம், நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவரும் ஒரு செய்தி. பனங்கிழங்கு மாவை 40 நாள் குடித்தால் மாத்திரையையே நிறுத்திவிடலாமாம். என் மைத்துனர் ஒருவர் இப்படித்தான் ஏதோ ஒரு பொடியை நம்பி ஏழு மாதம் மாத்திரை போடவில்லை. சாதாரணச் செருப்புக்கடி ஆறாமல் போய், வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரும் நன்றாகப் படித்தவர்தான்.

போன வாரம் என்னிடம் கேட்ட பிள்ளைக்குத் தனியாக ஒரு வார்த்தை: கிழங்கை ஆசையாகச் சாப்பிடும்மா. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே. அந்தச் செய்தியை உன் அம்மாவுக்கு அனுப்பியிருந்தால், இன்றே போன் செய்து பேசிவிடு.

அனைவரும் நலமுடன் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்