பட்டிக்கு அடியில் ஒரு ஸ்பிட்ஃபயர்

கதவை மாட்டினார். மூடினார். குனிந்து விளிம்பைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் கழற்றினார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர ஓரத்தில் இருக்கும் அந்தப் பட்டறையில் நாம் நின்றிருந்த முதல் ஒரு மணி நேரத்தில் இது மட்டும் ஆறு தடவை நடந்தது.

கார், 1968ஆம் வருடத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1296 சிசி எஞ்சின். இப்போதைய சொந்தக்காரர் ஒரு செவிலியர். நம் நண்பர் ஒருவரோடு ஒரே மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். கார் அவருடைய தாத்தா வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வந்து, வருடக்கணக்கில் கராஜில் போர்வைக்குள் தூங்கி, கடைசியில் பேத்தியிடம் சேர்ந்திருக்கிறது. துரு கொஞ்சம்தான் இருக்கும் என்று நம்பித்தான் பட்டறைக்கு அனுப்பினாராம்.

சென்னையில் வயதானவர்களுக்கு இந்தக் கார் தூரத்துச் சொந்தம். 1960களில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நினைவிருக்கிறதா? அதன் தங்கைதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலொட்டி.

ஹெரால்ட் பிறந்த கதையில் ஒரு தொழில் சண்டை இருக்கிறது. கவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப்புக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லை. அதனால், மற்ற கம்பெனிகள் தனி சேஸிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1959இல் வந்த ஹெரால்ட் சேஸிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய காராக இருந்தது. வெளிநாடுகளில் பாகங்களைக் கோத்துக் கார் கட்டவும் அது தோதாகப் போயிற்று. அதே சேஸிஸை நீளம் குறைத்து மிக்கெலொட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்து கொடுத்தார். கையில் காசில்லாத கம்பெனி அதை மூலையில் போர்த்தி வைத்துவிட்டது. 1961இல் கம்பெனியை எடுத்துக்கொண்ட லேலண்ட் ஆட்கள் போர்வையை விலக்கிப் பார்த்து, 'செய்யலாம்' என்றார்கள். அதுதான் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் தயாராயின.

நீளம் குறைந்தபோது இன்னொன்றும் குறைந்தது. ஹெரால்டின் சேஸிஸில் பக்கவாட்டில் ஓடும் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் கிடையாது. நடுவில் முதுகெலும்பு மட்டும்தான். பக்கத்து பலத்தையெல்லாம் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு தாங்குகிறது. பட்டறையில் அதை 'சில்' என்கிறார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் வலுவுக்கு ஒன்று என மூன்று அடுக்கு. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறாது. வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருக்கும்.

அதை அப்படியே வெட்டியெடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். கதவின் மேல்பக்க இடைவெளி சுருங்கும். பிறகு கதவு ஜென்மத்துக்கும் மூடாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து இறுக்குகிறார்கள். புதுத் தகட்டை முதலில் கிளாம்ப்பில் பிடித்து, கதவை மாட்டிப் பார்த்து, நாலு புள்ளி வெல்டிங், மறுபடி கதவு, மறுபடி நாலு புள்ளி. நாம் பார்த்தது அதைத்தான். அளவுகோல் என்று தனியாக ஒன்றுமில்லை, கதவுதான் அளவுகோல்.

கதவை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்த அந்த டிங்கர் வேலைக்காரருக்கு 64 வயது. பதினாறில் சுத்தியலைப் பிடித்தவர். டிரையம்ப் கார்கள் வெளிவந்த கேன்லி ஆலையில் 1980இல் கார் கட்டுவது நின்றது. ஆலை இருந்த பகுதியில் இன்று ஹெரால்ட் அவென்யூ என்றொரு சாலை இருக்கிறது. அந்த ஆலையில் வேலை போன சகாக்கள் பலர் டாக்ஸி ஓட்டப் போனார்கள், தான் விபத்துக் கார்களைத் தட்டிக்கொண்டே காலம் தள்ளியதாகச் சொன்னார். வலது காது சரியாகக் கேட்பதில்லை. பேசும்போது இடது பக்கம் வந்து நிற்கச் சொல்கிறார்.

கார்பரேட்டர், ஓவர்டிரைவ் பற்றியும் பொறுமையாக விளக்கினார். நமக்குப் பாதி புரியவில்லை, விட்டுவிடலாம்.

ஆனால் பழைய சில்லைப் பிரித்தபோது உள்ளே இருந்ததைச் சொல்லியாக வேண்டும். கசக்கிய செய்தித்தாள், கோழிவலை, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி. அதை மூடி ஒரு புதுத் தகடு, பளபளவென்று பெயிண்ட். யாரோ ஒருவர் தாத்தாவிடம் காசு வாங்கிக்கொண்டு செய்த 'ரிப்பேர்'. பழைய கார் வியாபாரத்தில் இது வழக்கமான கைவேலை. துரு என்று முகம் சுளித்து அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். பட்டி பூசி, நல்ல வெயிலில் படமெடுத்து விற்பார்கள். பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. அடியில் புகுந்து குத்திப் பார்க்க ஆளில்லை என்றால் பட்டிக்காரருக்குக் கொண்டாட்டம்தானே! லாபம் பூசியவருக்கு, மாதக்கணக்கில் சுரண்டி எடுக்கும் வேலை இந்த 64 வயதுக்காரருக்கு, மணிக்கூலியில். கதவை ஆறு தடவை மாட்டியதற்கு எந்த பில்லிலும் தனி வரி இல்லை.

செலவு, முடிந்த காரின் சந்தை விலையைத் தாண்டிவிடும் என்று சொந்தக்காரரான பேத்திக்குத் தெரியும். அவரை அலைக்கழித்தது நிறம்தான். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. அதன்படி கார் பிறந்தது வெளிர் நீலத்தில். இப்போதுள்ள சிவப்பு, தாத்தா பின்னாளில் கராஜில் தானே அடித்தது. பானெட் ஓரத்தில் தூரிகை மயிர் ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது. அம்மா நீலம் என்றார். பேத்தி சிவப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஹெரால்ட் ஒன்று நின்றால், பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். படுத்து, ஸ்க்ரூடிரைவரால் அடியில் குத்திப் பாருங்கள். காயலான் கடைக்குப் போன் போடுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.