கள்ளக் கேசட்டுக்கு அலமாரியில் இடம் உண்டா?

கொஞ்ச நாளா ஒரு விஷயம் மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாத்தான் ஒறக்கம் வரும் போல. கொசுவத்தி இன்னிக்கு கொஞ்சம் நீளமாச் சுத்தும், புகை ஆகாதவங்க தள்ளி உக்காந்துக்குங்க.

எங்கிட்ட ஒரு அலமாரி இருக்கு. (வீட்டம்மா அகராதியில் "அந்தக் குப்பை".) பழைய டிவி கேம் பெட்டி நாலு, கேசட் அறுபது சொச்சம். சம்பளம் வாங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒண்ணொண்ணா சேத்தது. ஜப்பான்ல 1983-ல நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாம், அதையே வேற பெட்டியில போட்டு 1985-ல அமெரிக்காவுல வித்த என்.இ.எஸ்., இப்படி. போன மாசம் பெங்களூர் நண்பர் ஒருத்தர் கன்னியாகுமரி பாக்க வந்தவர், நாகர்கோயில்ல நம்ம வீட்டுலயும் ஒருநாள் தங்கினார். அவரும் சேகரிப்பாளர்தான். ஆனா நம்மள மாதிரி இல்ல, கையுறை போட்டுத்தான் கேசட்டத் தொடுவார். ஒவ்வொண்ணா ரசிச்சுக்கிட்டே வந்தவர் கீழ்த்தட்டுல ஒரு மஞ்சக் கேசட்டப் பாத்ததும் நின்னுட்டார்.

"இது எதுக்கு சார் இங்க?"

லேபிள்ல கொட்டை எழுத்துல '9999999 இன் 1'. ஒரு மூலையில மரியோ, இன்னொரு மூலையில ராம்போ மாதிரி ஒருத்தன், நடுவுல கேமுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு கார்.

"லைசென்ஸ் இல்லாத சாமானை இதுங்களோட வைக்காதீங்க. மத்ததுக்கும் மதிப்பு போயிடும். இது கலெக்‌ஷனே கிடையாது, குப்பை."

நான் ஒண்ணும் பேசல. அவர் முன்னாடியே அதை எடுத்து மேசை டிராயர்ல போட்டு மூடிட்டேன். ஏன் போட்டேன்? வெக்கம்தான், வேறென்ன. வெள்ளை வேட்டிக்காரங்க பந்தியில அழுக்குச் சட்டையோட வந்த சொந்த அண்ணன யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு தலைய ஆட்டுவோம்ல, அந்த மாதிரி.

அவர் பஸ் ஏறினப்புறம்தான் வயித்தெரிச்சல் ஆரம்பிச்சுது.

அந்தக் கேசட் வந்த கதை இது. துபாய்ல இருந்த சித்தப்பா 1995-ல ஊருக்கு வரும்போது ஒரு டிவி கேம் கொண்டாந்தார். தெருவுலயே அது ஒண்ணுதான். கூட வந்த கேசட் ரெண்டே மாசத்துல சலிச்சுட்டுது. அடுத்த வருஷம் கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா. டிசம்பர் 3 வரைக்கும் நடக்கும், கடைசி நாள் மாவட்டத்துக்கே லீவு. திருவிழாக் கடையில பலூனுக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவுல இந்த மஞ்சக் கேசட் தொங்கிக்கிட்டு இருந்தது. 180 ரூவா. நானும் கூட்டாளிகள் ரெண்டு பேரும் ஆளுக்கு அறுபதுன்னு போட்டு வாங்கினோம். என் அறுபதுல முப்பது பாட்டா கொடுத்தது. "சக்கரத்த வீணாக்காதடே"ன்னு சொல்லிட்டுத்தான் கொடுத்தார்.

ஒரு கோடிக்கு ஒரே ஒரு கேம்தான் குறைவு! "அண்ணாச்சி, நெசமாவே இதுல இவ்ளோ கேம் இருக்கா?"ன்னு கேட்டோம். கடைக்காரர் முகத்துல சிரிப்பே இல்ல. "எண்ணிப் பாத்துட்டு குறைஞ்சா கொண்டா தம்பி"ன்னார்.

எண்ணினோம். ஏழு.

அதையே பேர மாத்தி மாத்தி வரிசையா போட்டிருந்தான். ஆனா அதுலயும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட்தான். (நம்ம கைபேசியில எடுக்கிற ஒரு போட்டோவுல அந்த மாதிரி அம்பது கேம் அடங்கும்.) ஏழு சின்ன கேம ஒரே சிப்புல அடைச்சு, முன்னாடி ஒரு பட்டியல் திரை எழுதி ஒட்டிருவான். பட்டியல்ல 23-ஆம் நம்பர அமுக்கினா கேம் தொடங்குறதுக்கு முன்னாடி மெமரியில ஒரு எண்ண மாத்தி வச்சிரும், மரியோ நேரா தண்ணிக்குள்ள கெடப்பான். 41-ஐ அமுக்கினா பனை உயரம் சாடுவான். அவ்வளவுதான் சூட்சுமம். நாங்க மூணு பேரும் அதை நோட்டு போட்டு எழுதி வச்சிருந்தோம், எந்த நம்பர்ல எந்த மரியோன்னு. கணக்கு நோட்டு கூட அவ்வளவு சுத்தமா இருந்ததில்ல.

அந்தப் பட்டியல் திரையில ஒரு கடற்கரைப் படம், பறவைகள், பின்னணியில மெதுவா ஒரு பாட்டு. எங்களுக்கு அது முட்டம் கடற்கரைதான், சந்தேகமே இல்ல. சாயந்தரம் கரண்டு வந்ததும் கேசட்டப் போட்டுட்டு ஒண்ணும் விளையாடாம அந்தப் பாட்டக் கேட்டுட்டே இருந்த நாள்லாம் உண்டு. 1990-ல வந்த கோஸ்ட் படத்த நான் காலேஜ் படிக்கும்போதுதான் பாத்தேன். அதுல அந்தப் பாட்டு வருது! 'அன்செயின்ட் மெலடி'ன்னு 1955-லேர்ந்து இருக்கிற பாட்டாம். தியேட்டர் மாதிரி அமைதியா இருந்த ஹாஸ்டல் டிவி ரூம்ல "எலே, இது நம்ம கேசட் பாட்டு!"ன்னு கத்தி வாங்கிக் கட்டிக்கிட்டேன். கேமையும் திருடி, பாட்டையும் திருடி... எமகாதகப் பயலுவ.

சரி, விஷயத்துக்கு வாறேன்.

பெங்களூர் நண்பர் சொல்ற மாதிரி லைசென்ஸ் உள்ளது மட்டும்தான் சேகரிப்புன்னா, எங்க ஊரு 90-கள்ல ஒரு கேசட் கூட அலமாரி ஏறாது. நிண்டெண்டோ சரக்கு 'சமுராய்'ங்கற பேர்ல இந்தியாவுல முறையா வித்தது உண்மை. ஆனா எங்க தெருவுல அதை ஒருத்தன் வீட்டுலயும் நான் பாத்ததில்ல. லிட்டில் மாஸ்டர், விஸ் கிட், டெர்மினேட்டர், இல்லேன்னா வளைகுடாவிலேர்ந்து வந்த பேரில்லாப் பெட்டி, எல்லாமே ஃபேமிகாமோட நகல். தைவானின் யு.எம்.சி. கம்பெனி 6527, 6538-னு நம்பர் போட்டு நகல் சிப் அடிச்சுத் தள்ளினாங்க. நம்ம பெட்டிகளோட வாய்க்கு 60 பின். அமெரிக்காவுலேர்ந்து மாமா யாராவது அசல் என்.இ.எஸ். கேசட் வாங்கிட்டு வந்தாலும் அதுக்கு 72 பின், உள்ள போகவே போகாது. யோக்கியனா இருக்கணும்னு நெனச்சாலும் பெட்டி விடாது.

இன்னொண்ணும் இருக்கு. 'லைசென்ஸ் இல்லாதது' வேற, 'திருட்டு' வேற. இதை ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டுறாங்க. அமெரிக்க என்.இ.எஸ். பெட்டிக்குள்ள 10என்.இ.எஸ்.னு ஒரு பூட்டுச் சிப் உண்டு. கேசட்டுக்குள்ள அதோட ஜோடி இல்லேன்னா பெட்டி நொடிக்கொரு தடவை அணைஞ்சு அணைஞ்சு எரியும். ஜோடிச் சிப் வேணும்னா நிண்டெண்டோவுக்குக் கப்பம் கட்டணும், அவங்க சொல்ற எண்ணிக்கையில அவங்ககிட்டயே கேசட் செய்யணும். சில பேர் மாட்டேன்னுட்டாங்க. பிரிட்டன்காரங்களான கோட்மாஸ்டர்ஸ் செஞ்ச மைக்ரோ மெஷின்ஸ் 1991-ல வந்தது லைசென்ஸ் இல்லாமத்தான். சாப்பாட்டு மேசை மேல குட்டிக் கார் ஓட்டுறது. சொந்தச் சரக்கு, நயம் சரக்கு. அதை எவன் திருட்டுங்க முடியும்?

அதே வருஷம் விஸ்டம் ட்ரீங்கற கம்பெனி பைபிள் அட்வென்சர்ஸ்னு ஒண்ணு போட்டாங்க. கேம் கடையில விக்க வழியில்ல, அதனால கிறிஸ்தவப் புத்தகக் கடையில வச்சு வித்தாங்க. குழந்தை மோசேயத் தூக்கிட்டு ஓடணும், கை தவறினா ஆத்துல வீசிரலாம், கேம் பாட்டுக்குத் தொடரும் :-) அது மட்டும் கோட்டார் திருவிழாவுக்கு வந்திருந்தா எங்க ஊர்ல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாக்கறேன்.

பெங்களூர் நண்பர் பெருமையா கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கிறது என்ன தெரியுமா? டெஞ்ஜென் கம்பெனியோட டெட்ரிஸ். கறுப்புக் கேசட். 1989-ல வந்து, கோர்ட்டு டெட்ரிஸோட கன்சோல் உரிமை நிண்டெண்டோவுக்குத்தான்னு தடை போட்டதால ஒரு மாசத்துக்குள்ள கடையிலேர்ந்து போயிட்டுது. அப்போ அது லைசென்ஸ் உள்ளதா சார்னு போன்ல கேட்டேன். "அது வேற, அது ரேர்"னார். கொள்ளாம்! ரேர்னா பாவம் கழுவிப் போயிரும் போல.

ஆனா நண்பரை மடக்கிட்டேன்னு சந்தோஷப்பட்டு முடியல. என் மஞ்சக் கேசட் மைக்ரோ மெஷின்ஸ் வகை இல்லியே. அது சுத்தத் திருட்டு. நம்ம நாட்டுலயே 1957 காப்புரிமைச் சட்டத்துல 1984-ல திருத்தம் கொண்டுவந்து கம்ப்யூட்டர் புரோகிராமையும் சேத்தாச்சு. நாங்க அறுபது அறுபதா போடும்போதே அது சட்டப்படி தப்புதான். 'சின்னப் பயலுக்குத் தெரியுமா'ங்கறது சரி, இப்ப எனக்குத் தெரியும்ல.

அதுலயும் என்ன உறுத்துதுன்னா, எனக்கே இது நடந்திருக்கு. வேலைக்குச் சேந்த புதுசுல ராத்திரி ராத்திரியா உக்காந்து கடைகளுக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதினேன். ரெண்டு கடைக்குத்தான் வித்தேன். ஒரு வருஷம் கழிச்சு வேற ஊர்ல மருந்து வாங்கப் போன இடத்துல அதே திரை, அதே நீலக் கலர், நான் விட்ட எழுத்துப் பிழை கூட அப்படியே. கீழ என் பேரு இருந்த இடத்துல வேற எவனோ பேரு. காசு போனது ரெண்டு நாள்ல ஆறிட்டுது. பேர அழிச்சது இன்னிக்கும் ஆறல.

என் கேசட்டப் போட்டுப் பாத்தேன். மரியோ தொடக்கத் திரையில நிண்டெண்டோ பேரும் வருஷமும் இருக்க வேண்டிய இடம் மொட்டையா இருக்கு. ரோட் ஃபைட்டர்ல கோனாமி பேரு காணல. அதனாலதான் பத்து வருஷம் விளையாடியும் எங்க மூணு பேருக்கும் ஷிகெரு மியாமோட்டோன்னு ஒரு மனுஷன் இருக்கார்னே தெரியாது. அந்த டண்டண்டடண்டங் இசையப் போட்டது கோஜி கோண்டோன்னு தெரியாது. எங்களப் பொறுத்தவரைக்கும் அதெல்லாம் வேப்பமரம் மாதிரி தானா மொளைச்சது.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. ரெண்டு வருஷம் முந்தி இணையத்துல ஒருத்தர்கிட்ட 'அசல் ஜப்பான் காண்ட்ரா'ன்னு 4500 ரூவா கொடுத்து வாங்கினேன். 1988 ஃபேமிகாம் காண்ட்ரா, நடுநடுவுல கதைப்படம்லாம் வரும், அமெரிக்கக் கேசட்டுல அதெல்லாம் கிடையாது. வந்ததும் திருகாணியக் கழட்டிப் பாத்தா கோனாமி சிப் இருக்க வேண்டிய இடத்துல பளபளன்னு புதுப் பலகை, நேத்துப் பத்தவச்ச ஈயம். லேபிள் மட்டும் அச்சு அசல். விளையாட ஒரு குறையும் இல்ல. ஆனா அதப் பாக்கும்போதெல்லாம் எரியுது. மஞ்சக் கேசட்டும் ஏமாத்துச்சு, ஒரு கோடின்னு சொல்லி ஏழு கொடுத்துச்சு. ஆனா நான்தான் நிண்டெண்டோன்னு என்னிக்கும் சொன்னதில்ல. இது பழசு மாதிரி வேஷம் கட்டி வருது. நான் செத்தப்புறம் என் பையன் இதை அசல்னு நம்பி இன்னொருத்தன் தலையில கட்டுவான்.

ஆக நான் செஞ்சது இதுதான். சரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க.

காண்ட்ரா லேபிள் மேல அழியாத மார்க்கரால 'கள்ளம்'னு பெரிசா எழுதிட்டேன். 4500 ரூவா மேல எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கிச்சு. மஞ்சக் கேசட்ட டிராயர்லேர்ந்து எடுத்து மறுபடியும் அலமாரியில வச்சேன், கீழ்த்தட்டுல இல்ல, நடுத்தட்டுல. பக்கத்துல ஒரு அட்டை. முதல் வரியில 'இது திருட்டு நகல், 1996, கோட்டார் திருவிழா, 180 ரூவா'. அதுக்குக் கீழ ஏழு கேமும், யாரோடதுன்னும். சூப்பர் மரியோ பிரதர்ஸ், நிண்டெண்டோ, 1985. டக் ஹண்ட், எக்ஸைட்பைக், டென்னிஸ், மூணும் நிண்டெண்டோ, 1984. பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. (நமக்கு டாங்க் கேம்.) கேலக்ஸியன், நாம்கோ, 1979-ல ஆர்கேடுக்குச் செஞ்சது. ரோட் ஃபைட்டர், கோனாமி, 1984, அதுவும் ஆர்கேடுதான் முதல்ல. பட்டியல் திரையையும் மெமரி வித்தையையும் எழுதின ஆளோட பேரப் போட ஒரு வரி காலியா விட்டிருக்கேன். தெரிஞ்சா எழுதிருவேன். அவனும் ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதினவன்தான்.

படம் எடுத்து குவைத்துல இருக்கிற கூட்டாளிக்கு அனுப்பினேன். மூணாமவன் போன இடம் தெரியல, இவன்தான் மிச்சம். டிராயர்ல போட்ட கதையையும் மறைக்காம சொன்னேன். அட்டையப் பத்தி ஒரு வார்த்தை பேசல சவம்.

"எவனக் கேட்டுலே டிராயர்ல போட்ட? அதுல என் அறுபது ரூவா கெடக்கு."

டிசம்பர்ல திருவிழாவுக்கு லீவுல வாறானாம். வந்ததும் நாலு மாசத்துக்குக் கேசட் அவன்கிட்ட இருக்கணுமாம், மூணுல ஒரு பங்கு கணக்காம். அட்டையையும் சேத்துக் கொடுத்து விடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள அந்த மரியோ நம்பர் நோட்டக் கண்டுபிடிக்கணும், பரண்ல எங்கயோ கெடக்கு.