திரைக்குப் பின்னால்

நாடகம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் நடிகர். சற்றுக் கூர்ந்து நோக்குவோர் எழுதியவரையும் நெறிப்படுத்தியவரையும் நினைப்பர். திரையை இழுத்தவர் யார், விளக்குக்குக் காற்றடித்தவர் யார் என்று கேட்போர் அரியர். அத்தகைய வேலைகளைச் சில ஆண்டுகள் ஊதியமின்றிச் செய்தவர் நாம். அவ்வனுபவத்துள் இன்றும் நெஞ்சை உறுத்தும் ஒன்றை இங்கு எழுதுகின்றோம்.

1969ஆம் ஆண்டு. யாழ்ப்பாணக் கிராமமொன்றில் ஆசிரியரும் மாணவரும் சிறு உத்தியோகத்தரும் சேர்ந்து நடத்திய குழு அது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பழைய கூத்துக்களைச் செப்பஞ்செய்து மேடையேற்றி வந்தார். அவ்வாறு அரங்கேறிய ‘இராவணேசன்’ இளைஞர் பலரை நாடகத்தின்பால் ஈர்த்திருந்தது. மறுபுறம், 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நின்றனர். இவ்விரு அலைகளும் எமது குழுவையும் தொட்டன. சாதிக் கொடுமையைச் சாடும் நாடகமொன்று எழுதப்பட்டு, ஒத்திகையும் தொடங்கிற்று.

நடிப்பு எமக்கு வரவில்லை, குரலும் எடுபடவில்லை. ஆகவே பின்மேடை எம் பங்காயிற்று. பாடசாலை வாங்குகளையும் மேசைகளையும் சேர்த்து வரிந்து கட்டிப் பலகை பரப்பினால் அதுவே மேடை. பெற்றோல்மாக்ஸ் விளக்குகளுக்கு இடையிடையே காற்றடிக்க வேண்டும். தவறினால் வீரவசனம் பேசுபவரும் இருளில் மூழ்குவார். கொப்பியைப் பிடித்து நின்று, நடிகர் தடுமாறுமிடத்தில் முதற் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். உரத்துச் சொன்னால் சபை சிரிக்கும். மெல்லச் சொன்னால் நடிகர் விழிப்பார். நாடகம் கூட்டுழைப்பு என்பது ஏட்டளவில் நில்லாது எமக்கு விளங்கியது இங்கேதான்.

அக்கூட்டுழைப்பில் ஒருவர் ஊரின் சலவைத் தொழிலாளி. அறுபதை நெருங்கிய முதியவர். திரைச்சீலை வாங்கக் குழுவிடம் பணமில்லை. கல்யாண வீட்டுப் பந்தலுக்கு வெள்ளை கட்டுபவர் அவரே. தம் மூட்டையிலிருந்த வெள்ளைகளாலும் சேலைகளாலும் மேடையின் மூன்று புறத்தையும் மறைத்துத் தந்தார். எந்த மடிப்பை எங்கே விட்டால் உள்ளே நிற்பவரின் நிழல் வெளியே விழாது என்று அறிந்தவர் எல்லோருள்ளும் அவர் ஒருவரே.

அரங்கேற்ற மாலை தேநீர் வந்தது. எமக்கெல்லாம் மூக்குப்பேணியில், அவருக்குச் சிரட்டையில். கொண்டு வந்தவர், அன்றிரவு மேடையில் சமத்துவம் பேசவிருந்த நடிகரின் வீட்டார். நாம் கண்டோம், வாய் திறக்கவில்லை. நாடகம் தொடங்க அரை மணி நேரமே இருந்தது; அவர்கள் வளவிலேதான் மேடை; குழப்பம் வேண்டாம் என்று எமக்கு நாமே நியாயம் சொல்லிக் கொண்டோம். சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்திருந்தது. சட்டம் ஏட்டிலிருந்தது, சிரட்டை கையிலிருந்தது.

நாடகம் முடிந்தது. சபை கைதட்டியது. வெள்ளைகளை அவிழ்க்கையில் அவரிடம் மன்னிப்புப் போல ஏதோ சொன்னோம்.

“இதென்ன தம்பி, புதிசே? நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேணும். கெதியா மடியுங்கோ” என்றார்.

அவர் சினந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் இதனை எழுப்பினோம். “கலைக்குள் அரசியலைக் கொண்டு வராதேயுங்கோ” என்றார் ஒருவர். சாதி ஒழிக என முழங்கிய குழுவிலே இப்பேச்சு! மூன்று கூட்டங்கள் வாக்குவாதத்தில் கழிந்தன. ஈற்றில், யாவர்க்கும் ஒரே பேணி, அதனை முறை வைத்து நாமே கழுவுவது, வெள்ளை கட்டுவதற்குக் கூலி கொடுப்பது, அறிவித்தலில் பின்மேடை உழைப்பாளர் பெயரையும் அச்சிடுவது என்று தீர்மானமாயிற்று. இருவர் விலகினர். வளவு தந்தவர்கள் மறுத்தனர். அடுத்த நாடகம் சனசமூக நிலைய முற்றத்தில் நடந்தது, சபை பாதியாயிற்று.

அம்முதியவர் வந்தார், வெள்ளை கட்டினார், கூலி பெற்றார், எம்மோடிருந்து பேணியிற் குடித்தார். முதல் மிடற்றுக்கு முன் அவர் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்ததை நாம் இன்னும் மறக்கவில்லை.

நாடகம் போட முனையும் ஆசிரிய, மாணவ நண்பர்களுக்கு எம் அனுபவம் சொல்வது இதுவே: திரையை உயர்த்துமுன் ஒருமுறை பின்னே சென்று பாருங்கள். அங்கு நிற்பவர் யார், அவருக்கு எதில் தேநீர் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். உங்கள் நாடகம் அங்கேயே தொடங்கிவிட்டது.