அழுத்து, பிடி, விடு

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் பதினொரு டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறது: எஞ்சின், கியர், கார்புரேட்டர், கிரீஸ். ஒரு டப்பாவில் மட்டும் சிவப்பு மசி, கீழே இரண்டு கோடு: பிரேக். எழுத்து என் மகளுடையது. தமிழ் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு வங்காளி நண்பர், ‘இதென்ன, நாட்டு வைத்தியசாலையா?’ என்று கேட்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். காரணம் சொன்னால் என் தவறு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

ஷெட்டில் நிற்பது 1957இல் செய்த எம்.ஜி.ஏ. கார். இரண்டே இருக்கை. தலைக்கு மேல் மடக்கி வைக்கும் கித்தான் கூரை. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால் திறக்கும். கும்பகோணத்து உறவினர்கள் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்கள்: ‘எம்.ஜி.ஆர். காரா?’ எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஆபிங்டனில் இருந்த தொழிற்சாலையில் 1955க்கும் 1962க்கும் இடையில் இந்த மாடல் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமாகத் தயாரானது. பெரும்பாலானவை கப்பலேறி வெளிநாடு போயின. அதில் ஒன்று கல்கத்தாவுக்கு வந்தது.

கொண்டுவந்தவர் என் அப்பா ஸ்டெனோவாக இருந்த ஆங்கிலேயக் கம்பெனியின் துரை. 1967இல் அவர் ஊருக்கு மூட்டை கட்டியபோது காரை சொற்ப விலைக்கு அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ‘துரை சொன்னார், எப்படி மாட்டேன் என்பது?’ என்பதுதான் கடைசிவரை அவர் சொன்ன விளக்கம். லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டின் ஷெட்டில் கார் இருபத்தேழு வருடம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் அப்பா அதைத் துடைப்பார். அவ்வளவுதான் அதன் ஓட்டம்.

1994இல் அப்பா காலமானார். விற்றுவிடலாம் என்று மல்லிக் பஜாரிலிருந்து ஒரு மிஸ்திரியை அழைத்துவந்தேன். பழைய கார்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் சந்தை அது. அவர் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ‘தாதா, இது அம்பாசடர் எஞ்சின்!’

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது நம் அம்பாசடர். அதில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.ஏ.வில் இருப்பதும் ஒரே குடும்பம். அங்கே ஒரு கார்புரேட்டர், இங்கே இரண்டு. அங்கே குடும்பத்தோடு திருப்பதி போகும் நிதானம், இங்கே கல்லூரிப் பையனின் அவசரம். வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஜோடனையில்தான். ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாராகிக்கொண்டிருந்தவரை, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கு காஸ்கெட்டும் பேரிங்கும் கல்கத்தா நடைபாதையில் கிடைத்தன. விற்கும் எண்ணம் அன்று மாலையே போய்விட்டது.

நான் வங்கி குமாஸ்தா. திருப்புளியைத் தவிர வேறு ஆயுதம் பிடித்து அறியாதவன். மிஸ்திரி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்தார். முதல் பாடம் ஸ்பேனர். இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவது போலப் பாவனை செய்யும். அழுத்தித் திருகினால் வழுக்கி நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். மூன்று நட்டுகளைப் பலி கொடுத்த பிறகு இதைக் கற்றேன்.

இரண்டாவது பாடம் எனக்குப் பிடித்த கணக்குப் பாடம். எஞ்சினில் எட்டு வால்வுகள். ஒவ்வொன்றின் இடைவெளியையும் அது முழுதாக மூடியிருக்கும்போதுதான் சரிசெய்ய வேண்டும். எது மூடியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒன்பதிலிருந்து கழி என்றார் மிஸ்திரி. எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவதைச் சரிசெய்யலாம். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. மிஸ்திரி பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் கணக்கு அவரை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

மூன்றாவது பாடம் செவிக்கு. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை முதல் கார்புரேட்டரின் வாயில் காட்டினால் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். பிறகு இரண்டாவது. இரண்டு ‘ஸ்ஸ்’ஸும் ஒரே சுருதியில் சேரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். ஆறு வயது மகள் இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ‘அப்பா, பின்னாடி இருக்கறது கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி’ என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் கார்புரேட்டர்களின் மண்டையில் சிறு கிண்ணம் போல ஒரு பகுதி உண்டு. அதில் கொஞ்சம் இலேசான எண்ணெய் நிற்க வேண்டும். அந்த எண்ணெயை ஊற்றிவைக்க எனக்கு ஒரு சிறிய டப்பா தேவைப்பட்டது. காலியான பிரேக் ஆயில் டப்பா ஒன்று கையில் அகப்பட்டது. கழுவி, துடைத்து, அதில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். என்னுடைய சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டது கூட நினைவிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, 1999இல் ஒரு வியாழக்கிழமை இரவு, பிரேக் ஆயில் குறைந்திருப்பதைக் கண்டேன். அலமாரியிலிருந்து ‘பிரேக் ஆயில்’ டப்பாவை எடுத்து நிரப்பினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல; கிளைக்கால் வகைத் திரவம். பழைய லாக்ஹீட் பிரேக்கில் உள்ள ரப்பர் வாஷர்கள் அதற்காகச் செய்தவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர், தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஊதிவிடும். ஊதிய ரப்பர் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் அழுத்தம் இறங்காது. பிரேக் பிடித்தபடியே கார் ஓடும். டிரம் சூடாகும், திரவம் கொதிக்கும், குழாயில் ஆவி நிரம்பும். ஆவியை அமுக்கினால் அமுங்கும், சக்கரம் நிற்காது.

ஞாயிறு காலை மகளை ஏற்றிக்கொண்டு ஜாதவ்பூர் வரை போய்த் திரும்பினேன். கார் ஏனோ இழுக்கச் சோம்பியது. கருகல் வாடை அடித்தது. முன்னால் போன டாக்ஸி மீது பழியைப் போட்டேன். டாக்குரியா மேம்பாலத்தில் ஏறி கோல்பார்க் பக்கம் இறங்கும்போது பெடலை அழுத்தினேன். அது எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது. கீழே ஒரு மினி பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களுக்குத் தனிக் கம்பி வழியே போகிறது, அதுதான் காப்பாற்றியது. அதை இழுத்து, கியரைக் குறைத்து, சக்கரத்தை நடைபாதை விளிம்பில் உரசவிட்டேன். பஸ்ஸுக்குப் பத்தடி முன்னால் கார் நின்றது. பெல்ட் இல்லாத காலத்துக் கார். மகளின் நெற்றி டாஷ்போர்டில் மோதியது. மூன்று தையல். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

அன்று மாலை மல்லிக் பஜாருக்குப் போய் மிஸ்திரியைக் கூச்சலிட்டுத் திட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரேக் ரப்பர்களை மாற்றியவர் அவர்தான். மட்டமான சரக்கைப் போட்டு என் குழந்தையைக் கொல்லப் பார்த்தீர்களே என்றேன். பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வந்து மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார். உள்ளேயிருந்த ரப்பரையும் புதிய ரப்பர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று கம்மல் போல இருந்தது. மற்றது வீங்கிப்போன வடை. பிறகு அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்தார். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். அதையும் என் கையில் கொடுத்தார்.

ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டில் வேலை செய்பவனுக்கு ஒரு வசதி இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கம்பெனியைக் குறை சொல்லலாம், நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். சொந்தக் கையால் செய்த வேலையில் மனுப்போட ஆள் கிடையாது. ஆனாலும் முதலில் தேடியது வேறொருவர் முகத்தைத்தான். அந்த வாரமே மல்லிக் பஜாருக்குப் போய், அதே பத்துப் பேர் இருக்கும் நேரம் பார்த்து, ‘தப்பு என்னுடையது’ என்றேன். மிஸ்திரி டீ வரவழைத்தார். மகளிடமும் சொன்னேன். அவள் டப்பாவைப் பார்த்தாள். ‘நீங்க எழுதி வெச்சிருக்கலாமே’ என்றாள். அதன் பிறகு ஷெட் பக்கம் வரவில்லை.

எண்ணெய் பட்ட பிரேக்கில் ரப்பர் ஒன்றைக்கூட நம்பக் கூடாது. முன்சக்கரங்களுக்கு இரண்டிரண்டு, பின்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று என ஆறு சிலிண்டர்கள். போதாததற்கு மாஸ்டர் சிலிண்டர். அத்தனையையும் பிரித்து, குழாய்களைக் கழுவி, இங்கிலாந்திலிருந்து ரப்பர்களைத் தருவித்துப் பூட்ட இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாத வேலைதான். அவசரம் விட்டுப்போயிருந்தது.

கடைசியில் ஒரு வேலை மிஞ்சியது: குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுவது. இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் படுத்து திருகாணியைத் திறக்க வேண்டும். குழாய் நுனியிலிருந்து ஜாடியில் குமிழிகள் வரும். திருகாணியை மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். முந்திக் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியாக வேண்டும். மிஸ்திரிக்கு அப்போது கண் புரை. மனைவிக்குக் கார் என்றாலே ஆகாது.

2001 டிசம்பரில் ஒரு காலை, நான் கேட்காமலே மகள் ஷெட்டுக்கு வந்தாள். கையில் பிளாஸ்திரிச் சுருளும் இரண்டு பேனாவும். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகர்ந்து, என்னிடம் கேட்டு, எழுதி ஒட்டினாள். பிறகு கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தடியில் படுத்தேன்.

‘அழுத்து.’

‘அழுத்திட்டேன்.’

‘பிடி.’

குமிழிகள் வந்தன. திருகாணியை மூடினேன்.

‘விடு.’

நான்கு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த மூன்று வார்த்தைகளைத் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை. கடைசியில் குமிழி இல்லாமல் தெளிவான திரவம் வந்தது. பெடல் கல் போல நின்றது. ‘வர்றியா?’ என்றேன்.

‘முதல்ல நீங்க மட்டும் ஒரு சுத்து போயிட்டு வாங்க’ என்றாள்.

நியாயம்தான். சதர்ன் அவென்யூவில் ஏரிக்கரை ஓரமாகப் போய் இருபது தடவை பிரேக் போட்டுப் பார்த்தேன். இறங்கி நான்கு டிரம்களையும் தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கதவுக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்தாள்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. மிஸ்திரி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். 2021இல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வாகனங்களுக்கு விண்டேஜ் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. இந்தக் கார்களைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி சவாரிக்குக் கூடாது. எனக்கும் வயது அந்த ரகத்தில்தான். மகள் பெங்களூரில் கணக்காளர். பூஜை விடுமுறைக்கு வரும்போது முதலில் ஷெட்டுக்குப் போகிறாள். மங்கிய பிளாஸ்திரிகளை உரித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டுகிறாள். சிவப்பு மசி டப்பாவை மட்டும் ஒவ்வொரு முறையும் திறந்து முகர்ந்து பார்க்கிறாள்.

நான் ஏன் என்று கேட்பதில்லை.