சாகா

சாவியை வாங்கி அங்கிள் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஐந்து வாரம் அது வெளியே வரவில்லை.

வண்டி பழைய புரோட்டோன் சாகா, 1.3. பாலக்கோங்கில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பதிமூன்று வருடம் நின்றது. ஓட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளுக்கு விற்க மனம் வரவில்லை. லோரியில் ஏற்றி, ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் பட்டறை வாசலில் இறக்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு மாதம். புது பேட்டரி, ரெண்டு லிட்டர் பெட்ரோல், சாவியைத் திருகினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

"தூங்குறவன தட்டி எழுப்பலாம் தம்பி. மயங்கிக் கிடக்கிறவன எழுப்பி ஓடச் சொல்லுவியா?" என்றார் அங்கிள்.

அவர் தோட்டத்து லோரிகளில் கைபழகியவர். உதிரிப்பாகக் கடைத் தவுக்கேயிடம் ஹக்காவில் விலை பேசுவார். அவசரகாலத்தில், 1950-களில், சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த புதுக்கிராமம்தானே இந்த ஊர். பட்டறையில் நாலு பாஷை புழங்கும். சாகா என்றால் அவருக்குத் தனி மரியாதை. 1985 ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் மகாதீர் அறிமுகப்படுத்திய, மலேசியாவின் முதல் தேசியக் கார். எலும்பெல்லாம் மிட்சுபிஷி லான்சர். பெயர் மட்டும் உள்ளூர் மரத்தினுடையது. மலாயில் 'சாகா' என்பது நம் ஆனைக்குன்றிமணி. "நமக்கு அது சாகாத வண்டி. அதுக்காக சும்மா போட்டா சாகாதுன்னு அர்த்தமில்ல" என்பார்.

காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு. கையுறையும் முகமூடியும் போடாமல் தொடவிடவில்லை; 'கெஞ்சிங் தீக்குஸ்' என்று இங்கே எல்லாரும் பயப்படும் எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் வரும். கடித்த வயர்களை ஒவ்வொன்றாகத் தேடவே ஒரு நாள் போனது.

பெட்ரோலைத் திறந்த வெளியில் இறக்கினோம். அதற்கு முன் அங்கிள் பக்கத்துப் பட்டறைக்குப் போய், வெல்டிங்கை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் எங்கோ நெருப்பைத் தேடிப் பிடிக்கும். வெளியே வந்ததில் வார்னிஷ் வாடை. பெட்ரோல் ரப்பர் குழாய்களை வளைத்தேன்; பிஸ்கட் மாதிரி உடைந்தன. இவற்றை நம்பித்தான் நான் சாவியைத் திருகப் பார்த்தேன்.

பிறகு வந்தது நான் மறக்காத வேலை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு இரவு ஊறவைத்தோம். மூன்றாம் நாள் கிரேங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, "கையால சுத்து" என்றார். அசையவில்லை. உடம்பு பாரத்தைப் போடப் போனேன். என் கைமேல் அவர் கை வந்தது. "ஸ்டார்ட்டருக்குக் கண்ணும் இல்ல, பொறுமையும் இல்ல. அது செய்றதயே நீயும் செஞ்சா உனக்கு எதுக்குக் கை?"

மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. மறுநாள் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். ஒரு விரற்கடை. பிறகு கால் சுற்று. முழுச் சுற்று வந்தபோது ஒரே இடத்தில் மட்டும் சன்னமாக உராய்ந்தது. சிலிண்டர் சுவரில் துரு வளையம் என்றார். இருபது சுற்றில் அந்த உராய்வு தேய்ந்து காணாமல் போனதை உள்ளங்கையில் உணர்ந்தேன். காதால் கேட்டிருக்கவே முடியாது.

டைமிங் பெல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மடக்கினால் பற்களின் அடியில் வெடிப்பு. அதுவும், டென்ஷனரும், என்ஜின் எண்ணெயும், வடிகட்டியும் புதிது போட்டோம்.

இனியாவது என்றால், பிரேக். முணுமுணுத்தேன், மறைப்பதற்கென்ன. பிரேக் எண்ணெய் வருடக்கணக்கில் ஈரத்தைக் குடித்து கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. பின்சக்கரச் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகிவிட்டன. முன்பக்க ரப்பர் குழாய் வெளியே பளபளப்பு, உள்ளே வீங்கியிருந்தது. மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. டிரம் தூசியை நான் காற்றடித்து ஊதப் போக, அங்கிள் நிஜமாகவே கத்தினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். டயரில் பட்டன் தேயவே இல்லை, ஆனால் பக்கச் சுவரில் 3208 என்று எண். 2008-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம் செய்தது. நாலையும் தூக்கிப் போட்டோம்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை வண்டியை வாசலுக்குத் தள்ளினோம். புகை உள்ளே தேங்கக் கூடாது. சாவி வரும் என்று கையை நீட்டினேன். அங்கிள் கொடுத்தது தீயணைப்பானை. பிளக்குகள் இல்லாமலே அவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்தது. பிளக்குகளை மாட்டி நாலாவது முயற்சியில் உதறிக்கொண்டு பிடித்தது. எலிவாடையோடு நீலப்புகை. எதிர்க்கடை தவுக்கே கைதட்டினார்.

மூன்று நிமிடம் ஓடியிருக்கும். அங்கிள் குனிந்து அடியில் பார்த்தார். வாட்டர் பம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பச்சைத் தண்ணீர். அணைத்துவிட்டு, சாவியை மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"டார்ச் எங்க வச்ச?"